துணைக்கு யார் வருகிறார்?

மேரி ஆலிஸ் மக்வின்னி பற்றிய குறிப்புகளைத் தேடி வாசித்தபோது ஒரே வாக்கியம் வெவ்வேறு வடிவங்களில் எதிர்ப்பட்டது: அண்டார்டிகாவில் அமெரிக்க ஆய்வு நிலையம் ஒன்றின் தலைமை அறிவியலாளரான முதல் பெண். 1974ஆம் ஆண்டு, மெக்மர்டோ நிலையம். வாக்கியம் உண்மைதான். ஆனால் அதை வெறும் கொண்டாட்டமாகப் படிக்க என்னால் முடியவில்லை. அதுவரை கதவைச் சாத்தி வைத்திருந்தது யார் என்ற கேள்வியை 'முதல்' என்ற சொல் விழுங்கிவிடுகிறது.

மக்வின்னி சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பித்தவர். நன்னீர் சிங்கி இறால்கள் ஓடு கழற்றி வளரும் விதத்தை ஆராய்ந்தார். அங்கிருந்து தென்கடலின் கிரிலுக்கு வந்தார். கிரில், நம் கடற்கரையில் விற்கும் கூனியைப் போன்ற சிற்றுயிர். திமிங்கிலமும் பெங்குவினும் சீலும் அதை உண்டே வாழ்கின்றன. 1962இல் எல்டானின் என்ற ஆய்வுக் கப்பலில் அவர் தென்கடலுக்குச் சென்றார். கப்பலில் இடம் கிடைத்தது, கரையில் கிடைக்கவில்லை. அமெரிக்க நிலையங்களுக்கான போக்குவரத்து கடற்படையின் கையில் இருந்தது. பெண்களுக்கு வசதி இல்லை என்று சொல்லி, 1969 வரை அவர்களை ஏற்றிச் செல்ல அது மறுத்தது. கழிப்பறையும் படுக்கையும் ஓர் அறிவியலாளரின் ஆய்வு எல்லையை வகுத்தன.

இது அந்தக் காலத்தின் இயல்பு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. சோவியத் கடலடிப் புவியியலாளர் மரியா கிளெனோவா 1956லேயே அண்டார்டிகாவில் பணிசெய்தார். குளிர் இரு நாட்டுப் பெண்களுக்கும் ஒன்றுதான். வேறுபட்டது அனுமதி.

அமெரிக்கக் கதவு திறந்த 1969 நவம்பரில் தென்துருவத்தில் விமானத்திலிருந்து இறங்கிய ஆறு பெண்கள் கைகோத்து, ஒரே நேரத்தில் பனியில் கால் வைத்தார்கள். யார் முதல் என்ற கேள்விக்கு அவர்கள் இடமே தரவில்லை. 'முதல் பெண்' கதைகளுக்கு எதிராக நான் அறிந்த மிகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

1974இல் மக்வின்னி மெக்மர்டோவில் குளிர்காலம் முழுவதும் தங்கினார். அங்கே ஏறத்தாழ நான்கு மாதம் சூரியன் உதிக்காது. உடனிருந்த ஆண்கள் நூற்றுக்கும் மேல். இன்னொரு பெண் மேரி ஓடில் கஹூன். பல குறிப்புகளில் அவர் மக்வின்னிக்குத் துணையாகச் சென்ற கன்னியாஸ்திரி. அவரும் உயிரியலாளர், ஆய்வுக்காகவே போனவர் என்பது அதற்கு அடுத்த வரியில்தான் வருகிறது. சில இடங்களில் அதுவும் இல்லை. 'துணைக்கு யார் வருகிறார்?' என்ற கேள்வி கல்லூரிச் சுற்றுலாவுக்கும் களப்பணிக்கும் கிளம்பும் நம் மாணவிகளுக்குப் பழகியது. ஐம்பதைக் கடந்த பேராசிரியரின் வாழ்க்கைக் குறிப்பிலும் அதே கேள்வி ஒளிந்திருக்கிறது. துணை என்று எழுதியதும் இரண்டு பெண்கள் சிறுத்துப்போகிறார்கள்: ஒருத்தி காவல் தேவைப்பட்டவள், மற்றவள் காவலுக்கு வந்தவள்.

இதில் காணாமல் போவது கிரில். எழுபதுகளில் பல நாடுகள் கிரிலைப் பெருமளவில் பிடிக்கத் தொடங்கின. அது எப்படி வளர்கிறது என்று தெரியாமல் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவுசெய்ய இயலாது. மக்வின்னி தேடியது அந்த அறிவைத்தான். அவர் 1980இல் இறந்தார். அண்டார்டிகக் கடல்வாழ் உயிர்வளங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே ஆண்டில்.

நம் பாடநூல்களும் போட்டித்தேர்வு வழிகாட்டிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 1983இல் புறப்பட்ட இந்தியாவின் மூன்றாம் பயணக் குழுவில் கடலியலாளர் அதிதி பந்தும் புவியியலாளர் சுதிப்தா சென்குப்தாவும் இருந்தார்கள். இருவரும் 'முதல் இந்தியப் பெண்கள்' என்று மனப்பாடம் செய்கிறோம். பந்த் கடற்பாசிகளின் உடலியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பது அங்கே கேள்வியாக வருவதில்லை.

ஒரு பெண் அறிவியலாளரைப் பற்றி எழுதும் மாணவிகளிடம் நான் கேட்பது இரண்டு: அவளைத் தடுத்தது யார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள், அவள் எதைக் கண்டறியப் போனாள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். 'முதல் பெண்' மூன்றாவது வரியில் வரட்டும்.