தொட்டிக்கு முன் தரை

பரமத்தி வேலூரில் பழைய சுவர் எதையாவது உற்றுப் பார்த்தால், காரை பெயர்ந்த இடுக்கில் ஓர் இச்சியோ அரசோ தலைநீட்டியிருக்கும். பழம் தின்ற பறவை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போன விதை. வீட்டுக்காரர் பிடுங்கி எறிவார். போன்சாய்ப் பித்துப் பிடித்தவர் வேர் அறாமல் பெயர்த்து எடுத்துப்போவார். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத அந்தக் கன்று, ஒரு முழ உயரத்திலேயே அடிபருத்த கிழமரமாக நிற்க வேண்டும்.

போன்சாய் என்றதும் பட்டினி போட்டுக் குறுக்கிய மரம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அடிமரத்தைப் பொறுத்தவரை நடப்பது நேர் எதிர். இலை ஆக்கித்தரும் உணவில்தான் பட்டைக்கடியில் புது மரம் சேர்கிறது. இலை பெருகினால் தண்டு பருக்கும். சின்னத் தொட்டியில் வேர் முட்டி நிற்கும் கன்று எத்தனை வருடமானாலும் குச்சிதான்.

ஆகவே முதலில் தரை. காவிரி வாய்க்கால் பாய்ந்து வாழையும் வெற்றிலையும் விளையும் வேலூர்ப் பக்கத்தில் குளிர் வந்து இச்சியை முடக்கும் மாதமே கிடையாது. அமெரிக்காவில் பனி கொட்டும் மொன்டானாவில், வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் இச்சி வகைகளை வளர்த்து, அவற்றுக்கென்றே புத்தகமும் எழுதியவர் ஜெரி மெய்ஸ்லிக். இங்கே சும்மா கொட்டுகிற வெளிச்சத்துக்கு அங்கே மின்கட்டணம்.

கன்றுக்கு அடியில் ஓர் ஓட்டுத் துண்டையோ தட்டைக் கல்லையோ வைத்து நடுகிறார்கள். ஆணிவேர் கீழே போக வழியில்லாமல் வேர்கள் நாலாபக்கமும் படர்ந்து, பின்னாளில் மண்ணைக் கவ்விய பாதம் போலத் தெரியும். அதன்பின் ஆள் உயரம் தாண்டினாலும் கத்தி படுவதில்லை. அடியில் புடைத்த ஒன்றிரண்டு கிளைகளையும் விட்டுவைப்பார்கள். அடியைப் பெருக்க வைத்து, வேலை முடிந்ததும் வெட்டப்படும் பலிக்கிளைகள் அவை.

போதிய பருமன் வந்ததும் சாண் உயரத்தில் அறுப்பு. பால் வடியும், மொட்டை மரத்தில் சில வாரங்களில் துளிர் வெடிக்கும். ஒரு துளிரை மட்டும் தலைமைக்கு ஏற்றி வளர்த்து, அதையும் சற்று மேலே அறுத்து, மறுபடி வளர்த்து... இப்படித்தான் அடி பருத்து நுனி மெலியும் அந்த ஏற்றம் அமைகிறது. தேர்ந்த ரசிகரின் கண் இலையைத் தாண்டி இந்த ஏற்றத்தில்தான் நிற்கும். அறுத்த வடு மூடியிருக்கிறதா என்றும் தேடும்.

ஆலும் அரசும் இதற்கு உடன்படும். ஆனால் ஆலிலை எவ்வளவு சிறுத்தாலும் குட்டி மரத்துக்குப் பெரிய குடைதான். சிற்றிலை இச்சிக்கு அந்தச் சங்கடம் இல்லை. கடைகளில் கிழங்கு வயிற்றோடு விற்கும் ‘ஜின்செங் ஃபைகஸ்’ வேறு ரகம்: வேரை ஊதவைத்து, மண்ணுக்கு மேலே எடுத்து, தலையில் ஒட்டுக் கட்டியது. பருமன் உண்டு, மரத்தின் தோரணை இல்லை.

பொறுமையில்லாதவர்களுக்குக் குறுக்குவழி, பல கன்றுகளைச் சேர்த்து இறுகக் கட்டுவது. இச்சியின் பட்டைகள் உரசி ஒன்றோடொன்று கூடிவிடும். இதை ஏமாற்று என்பது அநியாயம்; பல தண்டுகள் சேர்ந்து ஒரே மரமாக நிற்பது இந்த இனத்துக்குப் புதிதல்ல. அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தபின்னும், அதன் விழுதுகள் ஊன்றிய தண்டுகளில் மரம் தொடர்கிறது.

அந்த விழுதுக்குத்தான் வேலூரில் மெனக்கெட வேண்டும். வறண்ட காற்றில் அது பாதியில் காய்ந்துவிடும். கிளையிலிருந்து மண்வரை ஓர் உறிஞ்சுகுழலைப் பிளந்து மாட்டி, உள்ளே ஈரப்பாசி திணித்து, வேர் மண்ணைத் தொட்டதும் குழலை உரித்துவிடுகிறார்கள்.