கடிகாரம் ஜப்பான், செயின் எந்த ஊர்?

சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 அருமையான கடிகாரம். அதோடு வரும் ஸ்டீல் செயினைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 1996-இல் வந்து 2019 வாக்கில் தயாரிப்பு நின்றுபோன இந்த டைவர் வாட்சில், 200 மீட்டர் ஆழம் தாங்கும் கூடு, கை அசைவிலேயே சாவி ஏறும் 7எஸ்26 மெஷின், இருட்டில் பளிச்சென்று ஒளிரும் முட்கள் எல்லாம் கொடுத்த காசுக்கு மேலேயே இருக்கின்றன. சீக்கோ மிச்சம் பிடித்தது செயினில்தான். கூட்டை ஒட்டி உட்காரும் எண்ட் பீஸ் தகட்டை மடித்துச் செய்தது, உள்ளே வெறும் காற்று. லாக்கும் அச்சில் அழுத்தி எடுத்த தகடு. கையை ஆட்டினால் சலசலக்கும். மணிக்கட்டு முடியைப் பிடித்து இழுக்கும் என்ற புகாரும் பழையதுதான்.

இந்தக் குறையை நம்பியே ஒரு தனிச் சந்தை வளர்ந்திருக்கிறது. ஸ்ட்ராப்கோடு என்ற நிறுவனம் பல சீக்கோ மாடல்களுக்கு அளவெடுத்துச் செயின் செய்து விற்கிறது. அமெரிக்காவிலிருந்து விற்கும் அங்கிள் சீக்கோ, வழக்கொழிந்த பழைய சீக்கோ செயின்களை மறுபடி உயிர்ப்பிக்கிறது. இவை போக, பெயர் எதுவும் இல்லாமல் சீன இணையக் கடைகளில் கொட்டிக் கிடப்பவை தனி. ஒரே எஸ்கேஎக்ஸ்007-இல் மூன்று செயின்களை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன்: சுமார் 1,500 ரூபாய்க்கு வந்த பெயரில்லாத ஒன்று, சுங்கத்தோடு அதைப்போல் ஐந்தாறு மடங்கு விலையான ஒரு பிராண்ட் செயின், ஜெர்மனியில் கம்பி நெய்த ஒரு மெஷ் செயின்.

எல்லோரும் முதலில் கேட்பது, எந்த ஊர் சரக்கு என்பதைத்தான். வாட்ச் கம்பெனியே செயினையும் செய்யும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் செயின் நெடுங்காலமாகவே தனித் தொழில். ஜெனீவாவில் 1835-இல் தொடங்கிய கே ஃப்ரேர் என்ற பட்டறைதான் ரோலெக்ஸ், படேக் பிலிப், ஹாயர், செனித் என்று ஒன்றுக்கொன்று போட்டியான பெயர்களுக்கெல்லாம் செயின் செய்து கொடுத்தது. ரோலெக்ஸ் 1998-இல் அந்தப் பட்டறையையே வாங்கிப் போட்டது. ஜெர்மனியில் நகைத் தொழிலுக்குப் பேர்போன ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத்தில் ஸ்டைப், ஃபோல்மர் போன்ற நிறுவனங்கள் இன்றும் கம்பி பின்னிய மெஷ் செயின்களைச் செய்கின்றன. ஆசியாவில் இந்த வேலையைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தது ஹாங்காங். 1970-களின் சீக்கோ செயின்கள் சிலவற்றில் லாக்கைத் திறந்து பார்த்தால் ‘ஸ்டெலக்ஸ்’ என்று இருக்கும். அது ஹாங்காங் நிறுவனம். ஜப்பான் கடிகாரத்தோடு பெட்டியிலேயே வந்த ஒரிஜினல் செயினுக்கு அப்போதே ஊர் வேறு.

1980-இல் ஷென்ஜெனைச் சிறப்புப் பொருளாதார மண்டலமாகச் சீனா அறிவித்தது. இடமும் கூலியும் மலிவு என்று ஹாங்காங் பட்டறைகள் ஒவ்வொன்றாக எல்லை தாண்டின. இன்று மாற்றுச் செயின்களில் பெரும்பங்கு ஷென்ஜென், டோங்குவான், குவாங்ஜோ வட்டாரத்திலிருந்துதான் வருகிறது. குவாங்ஜோ ரயில் நிலையத்தை ஒட்டிய ஜான்ஷி சாலையில் கடிகாரத்துக்கும் உதிரிக்கும் மொத்தச் சந்தையே இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சொல்லி யாராவது மறுத்தால், அங்குள்ள சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2017 முதல் ‘ஸ்விஸ் மேட்’ என்று போட, தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அந்த நாட்டில் ஆகியிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் செயின் சேராது.

அதனால் ‘சைனா செயின்’ என்று உதட்டைப் பிதுக்குவதில் அர்த்தமில்லை. நல்லதும் அங்கேதான் உருவாகிறது, மட்டமானதும் அங்கேதான். ஆர்டர் கொடுத்தவர் எவ்வளவு துல்லியத்துக்குக் காசு கட்டினார், சரியாக வராத எத்தனை துண்டுகளைக் கழித்துப் போடச் சம்மதித்தார் என்பதில்தான் தரம் பிரிகிறது. அது எண்ட் பீஸில் உடனே தெரிந்துவிடும்.

எஸ்கேஎக்ஸ்007-இன் கூட்டில் செயினை மாட்டும் இரு கால்களுக்கும் இடைவெளி 22 மி.மீ. மலிவுச் செயினின் எண்ட் பீஸில் வெர்னியரை வைத்தேன். ஒரு முனை 21.8, மறுமுனை 21.6. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் கூட்டின் வளைவும் எண்ட் பீஸின் வளைவும் ஒன்றோடொன்று படிய வேண்டிய இடம் இது. அங்கே ஒரு பக்கம் வெளிச்சம் தெரிகிறது, மறுபக்கம் உலோகம் கூட்டில் உரசுகிறது. இரண்டு மூன்று மாடலுக்கும் பொருந்தட்டும் என்று பொத்தாம்பொதுவாக வெட்டியிருக்கிறார்கள். பிராண்ட் செயினின் எண்ட் பீஸ் முழு உலோகக் கட்டியிலிருந்து கடைந்தது. முதல் தடவை உள்ளே தள்ளவே கட்டைவிரலால் நன்றாக அழுத்த வேண்டியிருந்தது. உட்கார்ந்த பிறகு, செயினைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தை முறுக்கிப் பார்த்தால் இம்மி அசையவில்லை.

இங்கே இன்னொரு வில்லங்கம் உண்டு. சீக்கோ டைவர்களில் ஸ்பிரிங் பின் தடிமனானது, உடல் 2.5 மி.மீ. மற்ற வாட்சுகளில் சாதாரணமாக 1.8 மி.மீ. இருக்கும். மலிவுச் செயினோடு வந்தது மெல்லிய பின். சீக்கோவின் ஓட்டைக்குள் அது பெரியவர் செருப்பில் நுழைந்த குழந்தையின் கால்போல ஆடியது. பழைய தடிமன் பின்னைப் போடலாம் என்றால் எண்ட் பீஸின் துளைக்குள் அது நுழையவில்லை. தண்ணீரில் இறங்குகிறவர் இந்த நிலையில் கட்டினால் வாட்சைக் கடலுக்குத் தானம் கொடுக்க வேண்டியதுதான்.

மணிக்கட்டு ஒல்லியானவர்கள் வேறொன்றையும் பார்க்க வேண்டும். எண்ட் பீஸின் நடுப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், செயின் கூட்டிலிருந்து சற்றுத் தள்ளிப்போய்தான் மடங்கும். கடிகாரம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் இடைவெளி விழும். நடுவில் பள்ளம் விட்டு, அதற்குள் முதல் லிங்க் உட்காரும்படி செய்திருந்தால் செயின் உடனே கீழே சரியும். என் கைச் சுற்றளவு 16 செ.மீ. இரண்டாவது வகைதான் எனக்குத் தோது.

அடுத்து லாக். மலிவுச் செயினின் லிங்குகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன, முழு உலோகம், மேட் பாலிஷும் ஒரே சீராக ஓடியது. விலையைப் பார்த்தால் ஆச்சரியம்தான். ஆனால் லாக்கைத் திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. உள்ளே மடங்கும் தகட்டின் விளிம்பை யாரும் மழுக்கவில்லை, விரலை ஓட்டினால் கீறுகிறது. கடையும் மெஷின் மணிக்கு இவ்வளவு துண்டு என்று லிங்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும். விளிம்பு மழுக்குவதற்கு ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். கூலி மிச்சம் பிடிப்பவர்கள் கை வைக்கும் முதல் இடம் அது. பிராண்ட் செயினின் லாக் கடைந்தெடுத்தது, இரு பொத்தானையும் அழுத்தினால் டக்கென்று திறக்கிறது. குறை அதிலும் உண்டு. லாக் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதால் மேசையில் கையை வைத்து டைப் அடிக்கும்போது இடிக்கிறது. சிறிது நீட்டிக் குறைக்க ஓரத்தில் நாலைந்து ஓட்டைகள் இருக்கின்றன. வெயிலில் கை உப்பும் நம் ஊரில் இது கட்டாயம் வேண்டும்.

லிங்க் எடுப்பதில் மூன்று வகைப் பின்கள் புழக்கத்தில் உள்ளன. பிளந்த பின் எளிது, ஆணி வைத்துத் தட்டினால் வந்துவிடும். சீக்கோவின் சொந்தச் செயினில் பின்னோடு கடுகளவு குழாய் ஒன்று வரும். அது தரையில் விழுந்தால் தேட வேண்டாம், கிடைக்காது. ஸ்க்ரூ வகை பார்க்கக் கம்பீரம், ஆனால் தானாகக் கழலும். மரை பிடிப்புப் பசையில் ஊதா நிற வகை (222) ஒரு சொட்டு போதும். நீலத்தையோ சிவப்பையோ போட்டால் பிறகு கழற்றும்போது ஸ்க்ரூவின் தலை சிதையலாம்.

ஸ்டீல் விஷயத்துக்கு வருவோம். லாக்கின் உள்பக்கம் ‘316எல்’ என்று லேசரில் பொறித்திருப்பது சான்றிதழ் ஆகாது, எந்த ஸ்டீலிலும் அதைப் பொறிக்கலாம். 316எல்-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. வியர்வை உப்பு குழி பறிக்காமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. சமையல் பாத்திரங்களில் வரும் 304-இல் மாலிப்டினம் கிடையாது. கடைக்காரர்கள் காந்தம் வைத்துக் காட்டுவார்கள். இரண்டுமே காந்தத்தில் அநேகமாக ஒட்டாதவை என்பதால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் சீக்கிரம் தெரியாது. சென்னைப் பேருந்தில் வேர்க்க விறுவிறுக்கப் போகிறவருக்குப் பின் துளைகளின் ஓரத்தில் பழுப்பு நிறமாகத் தெரியவரும். எந்தச் செயினானாலும் வாரம் ஒருமுறை சோப்பு நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடுவது நல்லது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் பெயரில்லாச் சரக்கைத் தொடாமல் இருக்கலாம். தோலோடு நீண்ட நேரம் உராயும் பொருளிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. பெயரில்லாதவரிடம் யார் போய்க் கணக்குக் கேட்பது? கறுப்பும் தங்க நிறமுமாகப் பூச்சுப் பூசிய மலிவுச் செயின்களும் வேண்டாம், முதலில் வெளுப்பது லாக்கின் ஓரம்தான்.

ஜெர்மன் மெஷ்ஷைப் பற்றிச் சொல்லக் குறையே இல்லை. கம்பி முனைகள் தோலில் படாதபடி ஓரத்தை மூடியிருக்கிறார்கள், வியர்வை தங்காமல் காற்று போகிறது, கட்டியிருப்பதே மறந்துவிடுகிறது. ஆனால் முனை நேரானது. கூட்டுக்கும் அதற்கும் நடுவில் பிறை வடிவத்தில் இடைவெளி தெரியும். எனக்கு அது உறுத்தவில்லை. என் தம்பி பார்த்த மாத்திரத்தில், “என்னண்ணே, பாதியிலயே விட்டுட்டாங்களா?” என்று கேட்டான்.

டைவர் வாட்சைத் தினமும் கட்டுகிறவர் பிராண்ட் செயினுக்குக் காசு செலவழிக்கலாம். மலிவுச் செயினை வாங்கியே தீருவேன் என்பவர், தன் மாடலின் பெயரைப் போட்டு விற்பதாகப் பார்த்து, சீக்கோவின் தடிமன் பின் நுழையுமா என்று கேட்டு வாங்கட்டும். அப்பாவின் எச்எம்டி ஜனதாவுக்குச் செயின் தேடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. 18 மி.மீ. நேர் முனைச் செயின், தெருமுனை வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பழைய எச்எம்டிகள் பலவற்றின் கூடு பித்தளையில் குரோம் முலாம் பூசியது, கால்களும் மெலிசு. கனமான முழு உலோகச் செயினைத் தொங்கவிட்டால் முலாம் உரசித் தேயும், பின் துளை அகலும். அவற்றுக்குத் தகடு மடித்த லேசான செயினே சரி.