சேற்றுக்கு யார் காசு கொடுப்பது?

2022 ஆகஸ்ட்டில் இலங்கை அரசு மண்ணெண்ணெயின் விலையை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு உயர்த்தியது. அந்தக் கணக்கை முல்லைத்தீவின் நாயாற்றில் வாடி போட்டிருந்த மீனவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படகில் பூட்டிய இயந்திரம் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. அதே படகைக் களப்போரம் இழுத்துவிட்டுச் சேற்றில் இறங்கினால் காலடியில் குமிழி கிளம்பும். அதில் ஒரு பங்கு மெதேன், எரியும் வாயு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், “சேற்றிலிருந்து எரிபொருள்” என்று யாராவது திட்டம் எழுதத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அந்தத் திட்டத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தச் சேற்றை ஆராய அரசு பணம் தரவேண்டும் என்பதில் சந்தேகமும் இல்லை. சிக்கல் எல்லாம் அந்தப் பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதில் இருக்கிறது.

முதலில் சேறு. செம்மலைக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் இடையில் கிடக்கும் நாயாற்றுக் களப்பில் மாரி வெள்ளம் இறங்கும்போது உவர்ப்பு குறையும், கோடையில் ஏறும். கரையில் நிற்பவருக்கு அது இறால் எப்போது படும் என்ற கேள்வி. சேற்றுக்குள் இருக்கும் நுண்ணங்கிகளுக்கு அது சீவமரணப் போட்டி. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. காற்றில்லாத சேற்றில் அந்தச் சல்பேற்றைப் பயன்படுத்தி வாழும் பற்றீரியாக்கள், மெதேன் உண்டாக்கும் நுண்ணங்கிகளுக்கு வேண்டிய ஐதரசனையும் அசற்றேற்றையும் முந்திப் பிடித்துவிடும். அவை வென்ற இடத்தில்தான் அழுகிய முட்டை மணம் எழும். மழைநீர் வந்து சல்பேற்று ஐதானால் மெதேன்காரருக்குக் கை ஓங்கும்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடும். சேறு நிறுத்துவதில்லை. மீனும் இறாலும் உவர்நிலச் செடிகளும் உப்பைத் தாங்குவதற்காகச் சில சேர்வைகளை உடலில் சேர்த்து வைக்கின்றன. அவை அழுகும்போது வருவது திரைமெதைல் அமைன், நாமறிந்த மீன் வெடுக்கு. சல்பேற்றுப் பற்றீரியாக்கள் அதை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. அதனால் நல்ல உவர்ச் சேற்றிலும் சில நுண்ணங்கிகள் அதைத் தின்று மெதேன் விடும். கண்டலும் இறாலும் மாரிவெள்ளமும் சேர்ந்த ஒரு களப்பில் எந்த மாதத்தில் எந்த வழி மேலோங்கும்? முகத்துவாரம் முந்தித் திறந்தால் என்ன, பிந்தித் திறந்தால் என்ன? வேறொரு நாட்டுக் களப்பின் எண்ணைக் கொண்டுவந்து இங்கே பொருத்த முடியாது. இங்கேயே, வருடக்கணக்காக அளக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கேள்விக்கு எந்தக் கம்பனியும் காசு தராது. விற்க ஒன்றுமில்லை. எனவேதான் அரசு.

அரசுப் பணம் இப்படிப்பட்ட அடிப்படை ஆய்வில் சாதித்தது சிறிதல்ல. தாவரம் காபனீரொட்சைட்டை எப்படிச் சீனியாக்குகிறது என்ற பாதையைக் கண்டறிந்து 1961 இல் நோபல் பரிசு பெற்றவர் மெல்வின் கல்வின். அவருடைய பெர்க்லி ஆய்வுகூடத்துக்குச் செலவு செய்தது அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு. அணுகுண்டுக் கணக்குப் புத்தகத்திலிருந்து பச்சை இலைக்குப் பணம் போயிருக்கிறது! அதே ஆணைக்குழு 1960களின் நடுவில் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் தொடக்கிவைத்த தாவர ஆய்வுகூடம், சக்தித் திணைக்களத்தின் கைக்கு மாறியும் நிலைத்தது. கார்ல் வூஸ் 1977 இல் மெதேன் உண்டாக்கும் நுண்ணங்கிகளின் இறைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டபோது, அவை பற்றீரியாக்களே அல்ல, உயிர்களின் தனிக் கிளை என்று தெரிந்தது. 1987 இல் டெரெக் லவ்லி பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில், இரும்புத் துருவைச் சுவாசிப்பது போலப் பயன்படுத்தும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். அந்த இனத்தைச் சேர்ந்தவை மின்வாயில் ஒட்டி மின்னோட்டம் தருகின்றன என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. இவற்றுள் எதுவும் “மூன்று வருடத்தில் பயன் என்ன?” என்ற படிவத்தில் தேறியிருக்காது.

மறுபக்கம் இவ்வளவு அழகாக இல்லை. 1978 இல், எண்ணெய் நெருக்கடியின் சூட்டில், அமெரிக்கா அல்காவிலிருந்து எரிபொருள் எடுக்க ஒரு நீண்ட திட்டம் தொடங்கியது. உப்புக்குளம், பாலைவனக் குட்டை எல்லாம் அலைந்து ஏறக்குறைய 3,000 வகைகளைச் சேகரித்தார்கள். எண்ணெய் மலிந்தது, 1996 இல் திட்டத்தை மூடினார்கள். மொத்தச் செலவு சுமார் 25 மில்லியன் டொலர், அந்த நாட்டுக்கு அது சில்லறை. மிஞ்சிய சில நூறு வகைகள் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் எண்ணெய் மறுபடி ஏறியபோது, தேடலின் பெரும்பகுதியைத் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. உயிரோடு வைத்திருக்க வேண்டிய ஒரு சேகரிப்பைச் சந்தை விலையோடு கட்டிப்போட்டதன் விளைவு இது. தனியார் இதைவிட நிதானம் என்று நினைக்கவேண்டாம். 2009 இல் அல்காவுக்கு 600 மில்லியன் டொலர்வரை என்று அறிவித்த எக்சன் நிறுவனமும் கடைசியில் கையை விரித்துவிட்டது.

இந்தியாவின் தவறு வேறு வகை. 2003 இல் திட்டக்குழுவின் அறிக்கை காட்டாமணக்கைத் தூக்கிப்பிடித்தது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் தரிசு நிலத்தில் நட்டார்கள். 2009 இன் கொள்கை, 2017 இல் 20 சதவீத உயிர்எரிபொருள் கலப்பு என்று குறி வைத்தது. டீசலில் ஒரு சதவீதம்கூடக் கலக்கவில்லை. காரணம் எளிது. அந்தச் செடி அதுவரை யாராலும் பயிராகப் பழக்கப்படுத்தப்படாத வேலிச்செடி. ஆசியாவில் பரவியிருக்கும் காட்டாமணக்குகளுக்குள் மரபு வேறுபாடு மிகக் குறைவு, உண்மையான பன்மை மெக்சிகோப் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் நட்ட பிறகுதான் தெளிவாகியது. அதன் மரபணுத்தொகுதியை ஜப்பானின் கசூசா நிறுவனத்தார் வெளியிட்டபோது 2010 இறுதி ஆகிவிட்டது. நடுகைக்கு ஓடிய பணத்தில் ஒரு துளி பத்து வருடம் முன்னர் ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தால் எத்தனையோ விவசாயிகளின் நட்டம் தப்பியிருக்கும். அரசுகளுக்கு நாற்று நடுவது படம் பிடிக்க வசதியானது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இலங்கையும் அந்த ஆசையிலிருந்து தப்பவில்லை. 2005 இல் கிளிசறியா தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராகப் பிரகடனமானது. தடியை எரித்து மின்சாரம் எடுப்பது நோக்கம். எங்கள் வேலிகளில் அது இன்னும் ஆட்டுக்குக் குழையாகவும் அடுப்புக்கு விறகாகவும்தான் நிற்கிறது. ஆய்வுக்கு இந்த நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. 1981 இல் சட்டத்தால் உருவாக்கப்பட்டு இப்போது கண்டி ஹந்தானையில் இயங்கும் அடிப்படை ஆய்வுக்கான தேசிய நிறுவனத்தில், நைதரசன் நாட்டும் நுண்ணங்கிகளைப் பற்றிப் பல ஆண்டுகள் வேலை நடந்திருக்கிறது. அதுவும் சக்தி ஆய்வுதான். உலகம் செலவிடும் சக்தியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ செயற்கை அமோனியாவுக்கே போகிறது. ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையை ஒரே வர்த்தமானியில் நிறுத்தியபோது அந்த அறிவு எங்கே இருந்தது? வன்னியின் பெரும்போக வயல்களில் அதன் விலை தெரிந்தது. அதே ஆண்டு சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளை மாதிரியில் எர்வீனியா பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை சொன்னது. விற்ற கம்பனி மறுத்தது. சர்ச்சையின் முடிவில் நாடு 6.7 மில்லியன் டொலர் கட்டியது. அந்தத் தொகைக்கு நுண்ணங்கி ஆய்வு எத்தனை வருடம் நடந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விறகடுப்பை விட்டு வெளிவராத மாவட்டத்தில் சேற்று நுண்ணங்கிக்குக் காசா என்ற கேள்வி நியாயமானது. பெரிய நாடுகள் கண்டுபிடிக்கட்டும், நாம் வாங்கிக்கொள்வோம் என்பதிலும் பாதி உண்மை உண்டு. மரத்தூளைச் சீனியாக்கும் நொதியத்தை நாம் இங்கே மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2007 இல் மூன்று ஆய்வு மையங்களுக்கு ஐந்து வருடத்தில் 375 மில்லியன் டொலர் ஒதுக்கிய அமெரிக்காவோடு அந்தப் பந்தயம் வீண். நாயாற்றின் உவர்ப்பை மட்டும் அவர்கள் வந்து அளக்கப் போவதில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய மையம் அல்ல. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. 2021 இல் வவுனியா தனிப் பல்கலைக்கழகமாகியது. இவற்றின் கையில், மண்ணெண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் வெட்டப்படாத ஒரு சிறு தொகை, பத்து வருடத்துக்கு. மாதாமாதம் சேறு, உவர்ப்பு, வாயு. முகத்துவாரம் திறந்த நாளைக் குறித்துத்தர வாடிக்காரர், அவர்களுக்கு அதற்கான கூலி. விண்ணப்பத்தில் “உயிர்எரிபொருள்” என்ற சொல்லைத் திணிக்க வேண்டிய கட்டாயம் மட்டும் இருக்கக்கூடாது. அந்தச் சொல்லுக்காகவே ஆய்வாளர்கள் தங்கள் கேள்வியை வளைத்துவிடுகிறார்கள்.

பயன் வராதா என்றால், ஒன்று வரலாம். மீன் கழிவும் இறால் கோதும் சாண எரிவாயுத் தொட்டியில் போட்டால் உப்பும் அமோனியாவும் கூடி மெதேன் நுண்ணங்கிகள் சோர்ந்துவிடும். உப்பில் வளர்ந்த களப்புச் சேற்றை உறை போலச் சேர்த்தால் தாக்குப்பிடிக்கக்கூடும். வேறு நாடுகளின் கடற்சேற்றோடு இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். நாயாற்றில் இது சரிவந்தால் சில வாடிகளின் அடுப்பு எரியும். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. படகு அப்போதும் மண்ணெண்ணெயில்தான் ஓடும்.