நான்கு அம்புகளும் ஒரு இசட்டும்

கணினிப் புதிர் விளையாட்டுகளை விமர்சிக்கும்போது ஓவியம், இசை, கதை எல்லாவற்றையும் பேசுகிறோம். விரல் எந்த விசையைத் தொடுகிறது என்பதை விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் விமர்சனம் அங்கிருந்துதான் தொடங்கணும்.

1982இல் ஜப்பானில் வெளிவந்த 'சொகோபன்' விளையாட நான்கு அம்புக்குறி விசைகள் போதும். கிடங்கிலுள்ள பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. பெட்டி மூலையில் மாட்டிக்கிச்சுன்னா ஆட்டம் அவ்வளவுதான். 'இழு' என்று ஒரு விசையைக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்தப் புதிரே இருந்திருக்காது.

ஸ்டீபன் லாவெல் 2016இல் வெளியிட்ட 'ஸ்டீபன்ஸ் சாசேஜ் ரோல்' அதே நான்கு விசைகளை வேறு மாதிரி பயன்படுத்துகிறது. நம் ஆள் கையில் நீட்டிய முள்கரண்டி. பக்கவாட்டு அம்பை அழுத்தினால் அவன் நகர்வதில்லை, திரும்புகிறான். கரண்டியும் கூடவே சுழன்று பக்கத்திலிருக்கும் சாசேஜைத் தள்ளிவிடுகிறது. ஒரு திருப்பத்துக்கே இடம் பார்த்து யோசிக்க வேண்டியிருக்கு.

பின்லாந்தின் ஆர்வி தெய்காரி உருவாக்கிய 'பாபா இஸ் யூ' (2019) இன்னொரு படி போகிறது. அதில் விதிகளே தள்ளக்கூடிய சொற்கட்டைகள். 'பாபா', 'இஸ்', 'யூ' மூன்றும் வரிசையில் நின்றால் பாபாதான் நீங்கள். ஒன்றை வெளியே தள்ளிவிட்டால், வேறு எதுவும் 'யூ'வாக இல்லையென்றால், அம்புகள் செத்துவிடும். அப்போது கைகொடுப்பது, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்க வைக்கும் இசட் விசை.

"எத்தனை தடவையும் பின்வாங்கலாம்னா அப்புறம் என்ன சவால்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கு. தோன்றியதையெல்லாம் அழுத்திப் பார்ப்பவருக்கு இசட் ஒரு சோம்பேறித்தனம்தான். ஆனால் பின்வாங்க வழியில்லாத புதிரில், தொண்ணூறாவது அடியில் சறுக்கினால், ஏற்கெனவே தெரிந்த எண்பத்தொன்பது அடிகளைத் திரும்ப நடக்கணும். அது பொறுமைக்கான சோதனை. தர்க்கத்துக்கு அதில் வேலை இல்லை. 'பாபா'வில் சறுக்கிப் பார்ப்பதே ஆட்டத்தின் பாதி. விதியை உடைத்தால்தான் அது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று புரியும். பயமில்லாமல் உடைத்துப் பார்க்க இசட் இடம் கொடுக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு சொல்லை எடுத்துப் பார்த்து, வரி சரிந்தால் திரும்ப வைக்கிறோம். அந்த வரி எதனால் நின்றது என்று அப்போதுதான் தெரிகிறது.