ஏழாம் அறிவும் மூன்று உடன்பிறந்தாரும்: வருங்கால மனிதன் பற்றிய தமிழ்க் கற்பனைகளும் கல்வராயன் மலைத் தொன்மமும்

ஆய்வுச்சுருக்கம்

மனித இனம் இனி எவ்வாறு மாறும் என்னும் வினாவைத் தமிழ்ப் புனைவுகள் இருவகையாக அணுகியுள்ளன. ஒன்று, மறைந்த முன்னோரின் ஆற்றலை மீட்டெடுக்கும் மனிதனைக் கற்பனை செய்வது. மற்றொன்று, பிறப்பையே அரசு வரையறுக்கும் சமூகத்தைக் கற்பனை செய்வது. முன்னதற்கு ‘ஏழாம் அறிவு’ திரைப்படமும் பின்னதற்குச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலும் சான்றாகின்றன. இவ்விரண்டையும், கல்வராயன் மலை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றத் தொன்மத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இடப்பெயர்வு, கலப்பு, புதிய சூழல் ஆகியவற்றால் மக்கள் மாறுகின்றனர் என்னும் உண்மைக்குத் திரைப்படத்தைக் காட்டிலும் தொன்மமே நெருக்கமாக நிற்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பரிணாமம், அறிவியல் புனைவு, தொன்மம், மலையாளிப் பழங்குடியினர், கல்வராயன் மலை, மரபணு.

முன்னுரை

2019-ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கெல்லையில் கல்வராயன் மலை அமைந்துள்ளது. வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களைக் கொண்ட இம்மலையின் பெரும்பான்மைக் குடிகள் மலையாளிகள். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அமைந்த இப்பெயருக்கும் கேரளத்திற்கும் தொடர்பில்லை. இவர்களது தாய்மொழி தமிழ். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3.58 லட்சம் பேரைக் கொண்ட இவர்களே தமிழகப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் பெரியவர்கள்.

மனிதனின் எதிர்காலம் குறித்த தமிழ் எழுத்துகளில் இம்மக்களுக்கு இடமில்லை. மனிதன் எங்கிருந்து வந்தான் என்னும் வினாவுக்கு மலையை நோக்கித் திரும்பும் புலமை, அவன் எங்கே செல்கிறான் என்னும் வினாவுக்கு நகரையும் ஆய்வுக்கூடத்தையும் மட்டுமே நோக்குகிறது. இப்பிரிவினை எவ்வாறு நேர்ந்தது என்பதும், அது எவ்வகைப் பிழைகளுக்கு இடந்தருகிறது என்பதும் ஆராயத்தக்கன.

1. ஏணி உருவகம்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவுடையன, மக்கள் ஆறறிவுடையவர். இப்பகுப்பு பரிணாமக் கொள்கைக்கு முன்னோடி எனத் தமிழாய்வுகளில் அடிக்கடி கூறப்படுகிறது. எனினும், ஓர் உயிரினம் மற்றோர் உயிரினத்திலிருந்து தோன்றியது என்னும் கருத்து மரபியலில் இல்லை. அங்குள்ளது புலன்களின் எண்ணிக்கையால் அமைந்த வகைப்பாடு. கால வரிசை அங்குப் பேசப்படவில்லை. மணிவாசகரின் சிவபுராணத்தில் வரும் பிறவி வரிசையும் இவ்வாறே தவறாகப் பொருள் கொள்ளப்படுகிறது. அது ஓர் உயிர் பல உடல்களில் பிறந்து இளைப்பதைக் கூறுகிறது. டார்வின் 1859-இல் முன்வைத்த கொள்கையோ தலைமுறைதோறும் ஒரு மக்கள்திரளுக்குள் நிகழும் மாற்றத்தைப் பற்றியது. அவ்விரு வரிசைகளும் தம்மளவில் சிறந்த சிந்தனைகளே. அவற்றைப் பரிணாமம் என்று பெயர் மாற்றும்போது பரிணாமம் என்பது மேல்நோக்கி ஏறும் படிக்கட்டு என்னும் எண்ணம் உறுதிப்படுகிறது.

இந்த ஏணி மனித இனத்திற்குள்ளும் நுழைகிறது. ஐயறிவுக்குரியனவாக விலங்குகளோடு ‘மாக்கள்’ என்பாரையும் மரபியல் சேர்க்கிறது. மன உணர்வு குறைந்த மாந்தர் என்று உரைமரபு இதற்குப் பொருள் கொள்கிறது. மக்கள், மாக்கள் என்னும் இவ்வேறுபாடு ஒழுக்கம் பற்றிய அளவீடாக இருக்கும்வரை தீங்கில்லை. அதை இனங்களின் மீது ஏற்றும்போது சிலர் கீழ்ப்படியில் நின்றுவிட்டவர் ஆகின்றனர். ஏழாவது படியொன்றைக் கற்பனை செய்யும் எவரும் ஐந்தாம் படியில் யார் நிற்கிறார் என்னும் வினாவையும் உடன் எழுப்பிவிடுகிறார்.

2. காஞ்சியிலிருந்து மீட்கப்படும் மூதாதை

ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் 2011-இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ இப்படிநிலைச் சிந்தனையைத் தலைப்பிலேயே ஏற்கிறது. காஞ்சியிலிருந்து சீனம் சென்ற பல்லவ இளவரசரான போதிதர்மரின் மருத்துவமும் போர்க்கலையும் அவர் வழித்தோன்றலின் டி.என்.ஏ.வில் உறங்கிக் கிடப்பதாகப் படம் கொள்கிறது. மரபணுவியல் பயிலும் மாணவி ஒருத்தி, சர்க்கஸ் கலைஞனான அவ்வழித்தோன்றலைக் கண்டறிந்து அந்நினைவைத் தூண்டி எழுப்புகிறாள். தமிழரின் மறந்துபோன அறிவை மீட்க வேண்டும் என்னும் விழைவு படத்திற்குப் பெரும் வரவேற்பைப் பெற்றுத் தந்தது. அவ்விழைவு மதிக்கத்தக்கது. அதைத் தாங்கும் உயிரியல்தான் ஆய்வுக்குரியது.

ஒருவர் வாழ்நாளில் பயின்ற கலை மரபணுவில் பதிவதில்லை. கற்றவை கற்பித்தலால் மட்டுமே கைமாறுகின்றன. அடுத்து, வழித்தோன்றல் என்பதன் கணக்கையும் நோக்க வேண்டும். ஒருவருக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர் எனத் தலைமுறைதோறும் முன்னோர் எண்ணிக்கை இரட்டிப்பாகும். தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கொண்டால், 750 ஆண்டுகளுக்கு முன், அதாவது 30 தலைமுறைக்கு முன், ஒருவரது முன்னோர் வரிசையில் 107 கோடி இடங்கள் உள்ளன. அக்காலத்து உலக மக்கள்தொகை அதைவிடக் குறைவு. ஆகவே, ஒரே முன்னோர் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகின்றனர்; இன்று தனித்தனிக் குலமாக எண்ணப்படுவோரும் பொது முன்னோரைக் கொண்டவர்களே. மேலும், 15 தலைமுறைக்கு அப்பாலுள்ள ஒரு குறிப்பிட்ட மூதாதையிடமிருந்து ஒரு துண்டு டி.என்.ஏ.கூட வந்து சேராதிருப்பதே பெரும்பான்மை. போதிதர்மருக்கும் இக்காலத்தவருக்கும் இடையே ஏறத்தாழ 60 தலைமுறைகள் உள்ளன.

எனவே படம் காட்டும் வருங்கால மனிதன் உண்மையில் இறந்தகால மனிதனே. மாற்றம் என்பதற்கு அவன் கதையில் இடமில்லை. தூய ஒற்றை வழிமரபு கலப்பின்றிக் காக்கப்பட்டிருந்தால்தான் அவன் தோன்ற முடியும் என்பதால், கலப்பை இழப்பாகக் கருதும் பார்வை கதைக்கு அடித்தளமாகிறது.

3. காஞ்சியிலிருந்து மலையேறிய உடன்பிறந்தார்

காஞ்சியைத் தொடக்கமாகக் கொண்ட மற்றொரு கதை மலையாளிகளிடம் வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இத்தொன்மத்தின் வடிவங்கள் பதிவாகியுள்ளன. காஞ்சியில் இருக்க விரும்பாத கரிராமன் என்னும் தெய்வம் வேறிடம் தேடிப் புறப்படுகிறது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் அத்தெய்வத்தைப் பின்தொடர்ந்து வந்து, வெவ்வேறு வழிகளில் பிரிந்து, சேர்வராயன் மலை, பச்சைமலை முதலிய இடங்களில் குடியேறுகின்றனர். உடன்பிறந்தாராகவே இம்மூவரைக் கூறும் ஒரு வடிவத்தில், அவர்கள் வேறு வேறு குலத்துப் பெண்களை மணந்து தத்தம் மரபைத் தொடங்குகின்றனர்.

இத்தொன்மத்தை நடந்த வரலாறாகக் கொள்வதற்கில்லை. சமவெளி வேளாண் குடியோடு உறவு கோரும் சமூக விழைவு அதில் உள்ளது என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும், மாற்றத்தை அது எவ்வாறு கற்பனை செய்கிறது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு சிறு குழு தாயகத்தினின்று பிரிகிறது. அது மேலும் சிறு குழுக்களாகிறது. ஒவ்வொன்றும் பிற மக்களோடு கலக்கிறது. வெவ்வேறு மலைச் சூழலில் வெவ்வேறு மரபாக வளர்கிறது. பிரிதல், கலத்தல், சூழலுக்கேற்ப வேறுபடுதல் என்னும் இம்மூன்றும் மக்கள்திரள் மரபணுவியல் பேசும் அடிப்படை நிகழ்வுகள். மூவருள் ஒருவர் உயர்ந்தவர், மற்றவர் பின்தங்கியவர் என்னும் படிநிலையை அறிவின் அளவாக இக்கதை வைப்பதில்லை. ஏணிக்கு மாறாகக் கிளைவிடும் மரத்தின் வடிவையே இது கொண்டுள்ளது.

இக்கதையைப் பதிவு செய்த தர்ஸ்டனே, சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்து, தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து இனங்களை வரிசைப்படுத்த முயன்றவர். அவரது அளவீடுகளை இன்றைய அறிவியல் கைவிட்டுவிட்டது. அவர் செவிவழிச் செய்தியாகக் குறித்துக்கொண்ட தொன்மமோ மக்கள் மாறும் முறையைப் பற்றிய சிந்தனையாக இன்றும் நிற்கிறது.

4. அனுமதியும் அட்டையும்

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த ‘என் இனிய இயந்திரா’ மனித உடலின் மாற்றத்தைப் பேசவில்லை. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் பெயர்கள் இரண்டெழுத்துக்குள் சுருங்குகின்றன. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டியுள்ளது. 1975–77 நெருக்கடிநிலைக் காலத்தின் கட்டாயக் கருத்தடைகளை நினைவில் கொண்ட வாசகருக்கு இது வெறுங்கற்பனையாகத் தோன்றியிருக்காது. யார் பிள்ளை பெறுகிறார், யார் பெறுவதில்லை என்பதே அடுத்த தலைமுறையின் மரபணுத் தொகுப்பை முடிவு செய்கிறது. அதிகாரம் அவ்விடத்தில் நுழைய முடியும் என்பதைக் கண்டமையால், சுஜாதாவின் நாவல் ‘ஏழாம் அறிவை’விட உயிரியலுக்கு நெருக்கமானது. எனினும் நாவலின் உலகம் நகருக்குள் முடிந்துவிடுகிறது. மனிதனைக் கடந்து வளரும் அறிவு ஜீனோ என்னும் இயந்திர நாய்க்கு வழங்கப்படுகிறது. மலையும் காடும் அவ்வெதிர்காலத்தில் இல்லை.

நாவல் விட்டுச்சென்ற இடத்தில்தான் இன்றைய நடைமுறை தொடங்குகிறது. அரிவாள் செல் சோகை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இந்நோய்க்குரிய மரபணு இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் அம்மரபணுவைப் பெற்றவருக்கு மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு காப்பு உண்டு. இருவரிடமிருந்தும் பெற்றவர் நோயாளியாகிறார். ஆப்பிரிக்கத் தரவுகளைக் கொண்டு இதனை 1954-இல் ஏ.சி. அலிசன் நிறுவினார். ஒரு சூழலில் உயிர்காக்கும் மரபணு, மலேரியா அகன்றபின் சுமையாக மட்டும் எஞ்சுகிறது. பரிணாமத்தில் ‘உயர்வு’ என்பதற்குச் சூழலுக்கு அப்பாற்பட்ட பொருளில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில், பழங்குடியினர் மிகுந்த பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது. 2047-க்குள் நோயை ஒழிப்பது அதன் இலக்கு. சோதிக்கப்பட்டவர் நோயாளியா, மரபணுவை மட்டும் தாங்குபவரா என்பதைக் காட்டும் அட்டை வழங்கப்படுகிறது. திருமணத்திற்கு முன் அதனை ஒப்பிட்டுப் பார்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. தாங்குநர் இருவர் மணந்தால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு என்பதால் இவ்வறிவுரைக்குக் காரணம் உண்டு. எனினும் இத்தகைய திருமணத் தெரிவால் மரபணு அழிந்துவிடாது. நோயுற்ற பிறப்புகளே குறையும். இவ்வேறுபாடு மக்களுக்கு விளக்கப்படாவிட்டால், அட்டை மருத்துவக் குறிப்பாக இருப்பதை விட்டுப் பெண்ணை மறுப்பதற்கான சான்றாக மாறிவிடக்கூடும். அறிவுரைக்கும் அனுமதிக்கும் இடையிலான எல்லை சுஜாதாவின் வாசகர் அறியாததன்று.

மறுபுறம், கிரிஸ்பர் முறையால் இதே நோய்க்கான மரபணுத் திருத்தச் சிகிச்சை 2023-இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அது நோயாளியின் குருதிச் செல்களை மட்டும் மாற்றுவது, பிள்ளைகளுக்குச் செல்லாது. பிள்ளைகளுக்குச் செல்லும் திருத்தமும் கைக்கெட்டியதே என்பதை, 2018-இல் சீனத்தில் கருவிலேயே மரபணு திருத்தப்பட்டுப் பிறந்த குழந்தைகள் பற்றிய அறிவிப்பு உணர்த்தியது. அச்செயலுக்காக அவ்விஞ்ஞானி சிறைத்தண்டனை பெற்றார். ஆக, ஒரே நோயின் முன் ஒருவருக்குத் திருத்தமும் மற்றவருக்கு அட்டையும் கிடைக்கின்றன. வருங்கால மனிதனைப் பற்றிய வினா இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவில் உள்ளது.

5. ‘பழங்குடி’ என்னும் சொல்லும் காலமும்

மலைமக்களின் மரபணுவையும் திருமண முறையையும் மட்டும் சிக்கலாகக் காண்பது ஏணிப் பார்வையின் தொடர்ச்சியே. தேசியக் குடும்பநல ஆய்வு-5 (2019–21) தரும் தரவின்படி தமிழ்நாட்டுப் பெண்களுள் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் உறவுமுறையில் மணந்தவர்கள். 2017-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, தெற்காசியாவில் ஆராயப்பட்ட 260-க்கும் மேற்பட்ட குழுக்களுள் 81 குழுக்கள், மிகச் சிலரான முன்னோரிலிருந்து பெருகியவை எனக் காட்டியது. அவற்றுள் 14 குழுக்கள் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டவை. அகமணத்தின் மரபணு விளைவு மலைக்கும் சமவெளிக்கும் பொதுவானது.

‘பழங்குடி’ என்னும் சொல்லில் பழமை முதன்மை பெறுகிறது. அச்சொல்லுக்குரியோர் கடந்த காலத்தின் எச்சம் என்னும் பொருள் வழக்கில் ஒட்டிக்கொண்டது. மானிடவியலாளர் யோகன்னஸ் ஃபேபியன் 1983-இல், ஆய்வு செய்யப்படும் மக்களை ஆய்வாளரின் காலத்திற்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தைக் கண்டித்தார். அக்கண்டனம் இங்கும் பொருந்தும். கல்வராயன் மலையில் வாழ்வோர் 2024-ஆம் ஆண்டையே வாழ்ந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதையடுத்து, கல்வராயன் மலைப் பழங்குடியினரின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, வேலை ஆகியன அங்கு எழுந்த வினாக்கள். பிரசவத்திற்கு ஒரு பெண் எவ்வளவு தொலைவு செல்கிறாள், வேலை தேடிச் சென்ற இளைஞன் எங்கே மணம் செய்கிறான், சாமையும் கேழ்வரகும் இருந்த உணவில் தீட்டிய அரிசி எவ்வளவு இடம்பிடித்துள்ளது என்பனவற்றின் வழியே ஒரு மக்கள்திரளின் அடுத்த நூறு தலைமுறைகள் உருவாகின்றன. நீதிமன்றத்தின் முன் வந்த அவ்வினாக்கள் பரிணாமத்தின் வினாக்களும் ஆகும்.

முடிவுரை

‘ஏழாம் அறிவு’ காஞ்சியை மீட்க வேண்டிய தூய தோற்றுவாயாகக் காண்கிறது. மலையாளித் தொன்மம் அதே காஞ்சியைப் புறப்பட்ட இடமாக மட்டும் காண்கிறது. அதன் மாந்தர் வழியில் கலந்து, பிரிந்து, வேறானவர்களாகின்றனர். ‘என் இனிய இயந்திரா’ பிறப்பின் மீது அதிகாரம் கைவைக்கும் ஆபத்தை முன்னுணர்ந்தது. ஆயினும் அவ்வதிகாரம் முதலில் யாரிடம் செல்லும் என்பதைக் கூறவில்லை. இம்மூன்றையும் ஒருசேர வாசிக்கும்போது, தமிழில் வருங்கால மனிதனைப் பற்றி எழுதுவோரும் ஆராய்வோரும் இரண்டு தெளிவுகளைப் பெறலாம். பரிணாமத்திற்கு அடுத்த படி என ஒன்றில்லை. அடுத்த தலைமுறை மட்டுமே உண்டு. அத்தலைமுறையை யார், எவ்விருப்பத்தோடு, எவ்வுதவியோடு பெற்றெடுக்கின்றனர் என்பது உயிரியலோடு நீதியும் சேர்ந்து விடைகூற வேண்டிய வினா. அவ்வினாவை எழுப்பும் எந்தத் தமிழ்ப் புனைவும் ஆய்வும் வெள்ளிமலையில் வாழும் மக்களை மனிதகுலத்தின் நேற்றைய சான்றாகக் காட்டாமல், அதன் நாளையை முடிவு செய்வோருள் ஒருவராக ஏற்றுத் தொடங்குதல் வேண்டும்.