ஒற்றை நிற ஃபைட்டர்: வழிகளும் தரமும்

ஃபைட்டர் மீன்களின் நிறவழிகள் பற்றி நம் சங்க மலருக்கு எழுத வேண்டும் என்று செயலாளர் கேட்டார். சங்கத்தை வளர்த்த பெரியவர்கள் இருக்கும்போது நான் முந்துவது முறையா என்று தயங்கினேன். அவர்களே எழுதச் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். வால் வடிவங்களை இங்கே தொடவில்லை. அவை தனிக் கட்டுரைக்கு உரியவை.

முதல் வணக்கம் தாய்லாந்துக்கு. சண்டைக்காக வளர்த்தவர்கள் கடியையும் தாக்குப்பிடிப்பையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் நாம் இன்று கையாளும் நிறங்களில் பலவற்றுக்கு அவர்களுடைய மீன்களே வித்து. நகோன் பதோம் பண்ணைகளின் பெருமையை நம் உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் அந்நாடு ஃபைட்டர் மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது.

அடுத்தது அமெரிக்க வளர்ப்புப் பள்ளி. அது கணக்கின் பள்ளி. குட்ரிச்சும் மெர்சரும் 1934இல் தொடங்கி வைத்த நிற மரபியலை, வால்ப்ரன் 1958இல் வெளியிட்ட கட்டுரை மேலும் விரித்தது. ஜீன் லூகாஸ் 1968இல் இந்த மீனின் நிறத் திரிபுகளையே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். 1966இல் தோன்றிய இன்டர்நேஷனல் பெட்டா காங்கிரஸ் நிறவாரியாகத் தரம் வகுத்தது. இன்று நாம் ஒற்றை நிற மீனை ‘சாலிட்’ என்று சொல்லும்போது, தெரிந்தோ தெரியாமலோ அவர்களுடைய அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறோம்.

நான் வளர்ப்பைக் கற்ற எங்கள் ஐயாவின் பள்ளி இந்தக் கணக்கின் வழியில் வந்தது. கொளத்தூரில் வண்ண மீன் தொழில் இன்றைய அளவுக்குப் பெருகாத காலத்திலேயே அவர் நோட்டுப் போட்டுப் பதிந்து வளர்த்தவர். ராயல் ப்ளூவுக்குக் கிராக்கி இருந்தது. ஆனால் ராயல் ப்ளூவோடு ராயல் ப்ளூவைச் சேர்க்க அவர் யாரையும் விடமாட்டார். குஞ்சுகள் கால் பங்கு டர்காய்ஸ், கால் பங்கு ஸ்டீல் என்று பிரிந்து, ராயல் ப்ளூ பாதிதான் கைக்கு வரும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. ஐயா ஸ்டீலைத் தனி வழியாகவும் டர்காய்ஸைத் தனி வழியாகவும் காத்தார். விற்பனைக்கு வேண்டும்போது இரண்டையும் சேர்த்தால் அத்தனை குஞ்சும் ராயல் ப்ளூ. இந்த முறையின் அருமை நீலத்தோடு நிற்கவில்லை. தனி வழியில் ஒவ்வொரு தலைமுறையிலும் வயிற்றுத் துடுப்பில் சிவப்பு ஏறுகிறதா, தலையில் மினுக்கு எவ்வளவு என்று பார்த்துக் கழிக்க முடிந்தது. சிவப்புக் கறை கண்ட மீன் எவ்வளவு அழகாக விரித்துக் காட்டினாலும் அது கடைக்குப் போகும். ஜோடி சேர்க்க வைக்கமாட்டார்.

மெலானோ என்னும் கறுப்பு வழியில்தான் அவருடைய பொறுமையைக் கண்டேன். மெலானோ பெண் முட்டையிடும், ஆண் நுரைக்கூட்டில் காவல் இருக்கும், முட்டை பொரியாது. ஆகவே அந்தக் கறுப்பைச் சுமக்கும் ஸ்டீல் பெண்களைத் தலைமுறை தலைமுறையாக அடையாளம் வைத்துக் காக்க வேண்டும். பார்வைக்கு அவை வெறும் ஸ்டீல். எது சுமக்கிறது என்பதை நோட்டுதான் சொல்லும். நோட்டு போனால் வழி போயிற்று.

இனி, யாரையும் மனத்தில் வைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். இன்று இத்துறையில் உழைக்கும் இளைஞர்கள் பலர் என்னைவிடத் திறமையானவர்கள். ஆயினும் மார்பிள் என்னும் திட்டு நிறப் பண்பு நம் சாலிட் வழிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆர்வில் கல்லி என்ற வளர்ப்பாளரின் தொட்டிகளில் பிறந்த அந்தப் பண்பு, இடம்பெயரும் மரபணுவின் வேலை என்பது வளர்ப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். மீன் வளர வளர நிறம் மாறும். இரண்டு மாதத்தில் ஒரு மீன், ஆறு மாதத்தில் வேறு மீன். கோய், கேண்டி, நீமோ, கேலக்ஸி என்று பெயர்கள் குவிகின்றன. பெரும்பாலும் அத்தனையும் மார்பிள்தான். அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. தட்டுப்பட்ட சாலிட் மீனோடு அவற்றைச் சேர்த்துவிட்டு, ஒரே நிறமாகத் தெரியும் குஞ்சைச் சாலிட் என்று விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் ஸ்டீல் என்று நம்பி வாங்கிய ஒரு ஜோடியின் பேரக்குஞ்சுகளில் வெள்ளைத் திட்டுகள் வந்தன. விற்றவரிடம் கேட்டேன், தண்ணீர் சரியில்லை என்றார். தண்ணீரா திட்டுப் போடும்? ஒரு வழியைக் கட்ட ஒரு மனிதரின் நடுவயது முழுதும் போகிறது. அதைக் குலைக்க ஒரே ஒரு ஜோடி போதும். படத்துக்கு விலை, நோட்டுக்கு விலையில்லை. பெற்றோர் நிறம் என்ன என்று கேட்டால் கோபப்படுகிறார்கள். இப்படியே போனால் சுத்தமான டர்காய்ஸ் எப்படி இருக்கும் என்று காட்ட நம்மிடம் ஒரு மீன்கூட இராது. கண்காட்சியில் நடுவராக அமரும் பெரியவர்கள் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்கள்?

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: அடுத்த கண்காட்சியிலிருந்து சாலிட் பிரிவில் வைக்கும் ஒவ்வொரு மீனுக்கும் பெற்றோர், அவற்றின் பெற்றோர் நிறத்தை எழுதித் தர வேண்டும். முன்னோரில் மார்பிள் இருந்தால் அந்த மீன் மார்பிள் பிரிவுக்குப் போகட்டும். அங்கே பரிசும் வாங்கட்டும். ஐயாவின் நோட்டுகளைப் பிரதி எடுத்துக்கொள்ள அவர் வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள். பதிவு எழுதும் முறைக்கு அவற்றையே மாதிரியாகக் கொள்ளலாம்.