தூண்டிலோடு ஒரு ஞாயிறு

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்து ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்காருவதைச் சோம்பல் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டத் துரைமார் மலையோடைகளில் டிரவுட் மீன்களை விட்டுப் பிடித்தார்கள். அது கௌரவமான பொழுதுபோக்கு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை மூங்கில் கழியில் மண்புழு கோத்தால் மட்டும் வீண்பொழுதா? மீனைக் கடையில் வாங்கினால் மலிவு என்பார்கள். காசுக் கணக்கில் சரிதான். ஆனால் கொழுந்தை நிறுத்து, நாளை எண்ணிக் கூலி தரும் ஊரில், யாரும் அளக்காத ஒரு பகலின் அருமை மிகப் பெரிது. தக்கை அசையும்வரை சுழியும் பாறை நிழலும் மழைக்குப்பின் கலங்கும் நீரும் கண்ணில் பதிகின்றன. மீன் கடிக்காவிட்டால் டெவன் அருவிப் பக்கம் நடந்துவரலாம். 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் சென் கிளேயர் அருவி மெலிந்ததன் இழப்பை, இப்படிக் கரையில் பழகியவர்களே முழுதாக உணர முடியும்.